பெரிய வில்ஃபின் கணக்கு

சீமையில் கடலோர ஊரான கெல்சைடில் மூடுபனி இறங்கிவிட்டால் கண்ணுக்கு வேலை கிடையாது. எல்லாம் காதுதான். கடல் வற்றி வளைகுடா முழுக்க மணலாகக் கிடக்கும் நேரத்தில், இறால் வலையை இழுத்துக்கொண்டு டிராக்டரில் போனவர்கள் திரும்பும் சத்தத்தை வைத்தே, இன்னார் வருகிறார் என்று அடுப்படியில் நிற்கும் பெண்கள் சொல்லிவிடுவார்கள். சொன்ன கையோடு கெட்டிலை அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். குளிரில் விறைத்து வருகிற மனுஷனுக்கு வாசலில் கால் வைக்கும்போதே டீ தயாராக இருக்க வேண்டும். அது அந்தக் கரையில் எழுதப்படாத சட்டம்.

கிளெமின் வண்டி இருமும். பென்சன் வீட்டு வண்டி பல்லை நறநறக்கும். டோரீன் இன்மனுக்கு மட்டும் இன்னொரு வண்டியும் கேட்கும். வேறு யாருக்கும் அது கேட்டதில்லை.

"வந்துட்டார். வாய்க்காலைத் தாண்டிட்டார்" என்றாள் டோரீன். கை மட்டும் நிற்கவில்லை. தலையைத் திருகி, வாலைக் கிள்ளி, ஓட்டை உருவி, இறாலைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

மருமகள் ஷெரில் புருஷனைப் பார்த்தாள். சின்ன வில்ஃப் தன் கையிலிருந்த இறாலைப் பார்த்தான். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பழுப்புக் கூனி, அவ்வளவுதான்.

மூன்று பேரும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து கிளெமின் இறாலை உரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் வைத்து உரிக்கக் கூடாது என்று சுகாதாரக்காரர்கள் எப்போதோ சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்னவர்கள் வந்து உரித்துக் கொடுக்கப் போகிறார்களா என்ன? உரித்ததை வெண்ணெயும் ஜாதிபத்திரியும் போட்டுக் குழைத்து கிளெமின் மனைவி சின்னக் கிண்ணங்களில் அடைத்து விற்பாள். உரிக்கிற கூலியில்தான் இந்தக் குளிர்காலம் முழுக்க இன்மன் வீட்டு அடுப்பு எரிந்தது.

டோரீனுக்குக் கேட்கும் அந்த வண்டி அவள் புருஷனுடையது. பெரிய வில்ஃப். மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் ஒருநாள் காலை மணலுக்குப் போனவர். ஆளும் வரவில்லை, வண்டியும் வரவில்லை. மணல் இரண்டையுமே திருப்பித் தரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அப்பன் பெயரையே மகனுக்கும் வைப்பது கெல்சைடு வழக்கம். இருவருமே வில்ஃபிரட் இன்மன் என்பதால் ஊர்தான் பெரிய, சின்ன என்று பிரித்து வைத்தது. அதனால் நாற்பதைத் தாண்டி, முன்மண்டை வழுக்கை விழுந்த பிறகும் இவன் சின்ன வில்ஃப்தான்.

கதவோரம் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் இருந்தது. பெரிய வில்ஃபுக்கு. பழசாகி வெடித்தால் டோரீன் புதுசு வாங்கி வைப்பாள். மகன் காலுக்கு அது ஒரு சைஸ் பெரிசு. அவன் அதைப் போட்டதும் கிடையாது, யாரும் போடச் சொன்னதும் கிடையாது. அன்றைக்கு அதன் அடியில் சாம்பல் நிற மணல் காய்ந்து ஒட்டியிருந்ததை ஷெரில் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் சில விஷயங்களை அப்படித்தான் தாண்டிப் போக வேண்டும்.

"இன்னிக்கு பேங்க் வேன் வருது" என்றாள் ஷெரில். "போறீங்களா இல்லையா?"

"போறேன்."

"போறேன் போறேன்னு மூணு பேங்குக்குப் போய்ட்டு வந்தாச்சு. மஞ்சக் கடுதாசி குடுக்கப் போறவனைக் கண்டா அவனவன் ஷட்டரை இறக்கிடுறான். இதுவும் இல்லேன்னா டிரெவர் அந்த வேலையை வேற எவனுக்காவது தூக்கிக் குடுத்துடுவான்."

டிரெவர், கடற்கரை ஓரத்து கேரவன் பூங்காவின் மேனேஜர். புல் வெட்ட, குழாய் பார்க்க ஒரு ஆள் வேண்டும் அவருக்கு. சம்பளம் பேங்கில்தான் போடுவார். கையில் கொடுக்கிற பேச்சே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் கணக்கு நம்பர் வரவில்லையென்றால் வேறு ஆள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சின்ன வில்ஃபிடம் ஒரு கணக்கு இருக்கத்தான் இருந்தது. ஆனால் அந்த பேங்குக்கே அவன் கடன்காரன். அதில் எது விழுந்தாலும் கிணற்றில் விழுந்த கல்தான். திவால் மனு போட்டுவிட்டால் அதையும் முடக்கிவிடுவார்கள். 'கடன் வாங்காத ஒரு பேங்கில் முதலில் கணக்கு ஆரம்பி, அப்புறம் மனுப் போடு' என்று நூலகத்தில் உட்கார்ந்து ஆலோசனை சொல்கிற அம்மாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு லாரல் கிளை.

அந்த மணலில் பாதை என்று எதுவும் நிலையாக இருப்பதில்லை. நேற்று டிராக்டரைத் தாங்கிய இடம் இன்று ஆளை விழுங்கும். அதனால் கெட்டி மணலாகப் பார்த்து, சோதித்து, லாரல் கிளையை ஒடித்து நட்டு வைப்பார்கள். குளிர்காலம் முழுக்க உப்புக் காற்றிலும் அதன் இலை உதிராது. பச்சையாக ஒரு கிளை நின்றால் அங்கே தாராளமாகப் போகலாம். அந்தக் கரையில் பிறந்தவன் தன் கண்ணைக்கூடச் சந்தேகப்படுவான், லாரல் கிளையைச் சந்தேகப்பட மாட்டான்.

போன குளிர்காலத்தில், கடனுக்கு வாங்கிய புது டிராக்டரில் சின்ன வில்ஃப் திரும்பிக்கொண்டிருந்தான். நடுமணலில் மூடுபனி பிடித்துக்கொண்டது. பின்னால் கிளெமின் வண்டி இருமுவது கேட்டது. முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. அப்போதுதான் இடது பக்கம் அந்தக் கிளை. புதுசாக ஒடித்தது, இலை பளபளவென்று இருந்தது. கிளெம்தான் காலையில் நட்டிருப்பான் என்று நினைத்து வண்டியை அந்தப் பக்கம் திருப்பினான். முன்சக்கரம் ஒரு பெருமூச்சு விட்டதுபோல இறங்கியது. கிளெம் கயிறு போட்டு ஆளை இழுத்துவிட்டான். வண்டி புகைக்குழாய் வரைக்கும் போனது. பிறகு அதுவும் போனது.

"நான் நடலைடா. என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் நடலை" என்று கிளெம் அழுதான். ஊரில் யாரும் நடவில்லை. இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது கிளையும் அங்கே இல்லை. பெரிய வில்ஃபைக் கடைசியாகப் பார்த்த இடமும் ஏறக்குறைய அதுதான் என்று சாராயக்கடையில் யாரோ முணுமுணுத்தார்கள். பக்கத்தில் இருந்தவன் முழங்கையால் இடித்து அவர் வாயை அடைத்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பேங்க் வேன் தேவாலயத்துக்குப் பின்னால் நின்றது. ஊரில் இருந்த பேங்க் அலுவலகத்தை மூடிவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இந்த வேனை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு சின்ன கவுண்டர், ஒரு ஹீட்டர், ஃபர்சானா என்ற இளம்பெண். பிரஸ்டனிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டாவது தடவைதான் இங்கே வருகிறாள். ஜன்னலுக்கு வெளியே கடல் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்ததைப் பார்க்கப் பிடிக்காமல், திரையை இழுத்து மூடியிருந்தாள்.

சின்ன வில்ஃப் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். திவால் என்ற வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் தொப்பியைக் கழற்றினான், ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

"அதனால என்ன சார், எங்களுக்கு நீங்க கடன் ஒண்ணும் தர வேண்டியதில்லையே. அடிப்படைக் கணக்கு தாராளமா குடுக்கலாம்" என்றாள் ஃபர்சானா. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் அவனை சார் என்று கூப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அவள் பெயரையும் முகவரியையும் தட்டினாள். தட்டிவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"உங்களுக்குத்தான் ஏற்கெனவே எங்ககிட்ட கணக்கு இருக்கே, மிஸ்டர் இன்மன்?"

"எனக்கா? இல்லையே."

"வில்ஃபிரட் இன்மன். இதே வீடு. ரொம்பப் பழைய கணக்கு, அப்பல்லாம் பிறந்த தேதிகூடக் கேக்க மாட்டாங்க. ஆனா நல்லா ஓடிட்டிருக்கு. போன தடவை வேன் வந்தப்பகூட ஒரு பெரியம்மா வந்து பணம் போட்டுட்டுப் போனாங்களே."

சின்ன வில்ஃப் கையிலிருந்த தொப்பியைக் கவுண்டரில் வைத்தான்.

"அது எங்கப்பா" என்றான்.

"ஓ! அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேர்னு தெரிஞ்சாப் போதும், பிரிச்சுடலாம். இப்ப மெஷின் உங்களை ஒரே ஆளாப் பாக்குது. கணக்கு இருக்கிறவருக்கு இன்னொண்ணு குடுக்க விடாது."

"அவரால வர முடியாது."

"உடம்பு முடியலையா?"

அவன் மூடிய திரையைப் பார்த்தான். செத்துட்டார் என்று அவன் ஆயுசில் ஒருதடவைகூடச் சொன்னதில்லை. அம்மா வீட்டில் சொல்ல விட்டதுமில்லை. நாக்குப் புரளவில்லை.

அவள் அவன் மௌனத்தை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "சார், இது ஒருவேளை உங்க கணக்கேதானா? மறந்துட்டீங்களா? நிறையப் பேர் மறந்துடுவாங்க. அப்படின்னா இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. ஒத்துப்போச்சுன்னா இன்னிக்கே கார்டுக்கு எழுதிடலாம், வேலை முடிஞ்சுது" என்று பேனாவைத் தள்ளினாள்.

கம்ப்யூட்டர் திரையில் பழைய கையெழுத்து தெரிந்தது. W-வின் கடைசிக் கால் நீண்டு, தூண்டில் முள்போல வளைந்திருந்தது. அவனுடையதும் அப்படித்தான். அப்பாவின் இறால் பெட்டிகளில் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்துச் சின்ன வயதில் பழகியது. இவன் ஒன்றும் யோசிக்கவில்லை. கை தானாகப் பேனாவை எடுத்தது. W விழுந்தது, கால் நீண்டது, வளைந்தது. எழுதுவது தன் கைதானா என்று ஒரு சந்தேகம் வந்தது பாருங்கள், அப்போது விரல் நுனியிலிருந்து தோள்பட்டை வரைக்கும் ஈரமணலில் புதைத்தது போலச் சில்லிட்டுவிட்டது. இந்தக் கையெழுத்தைப் போட்டு முடித்தால் மேலே நிற்பது யார், கீழே கிடப்பது யார்?

பேனாவைப் போட்டுவிட்டான்.

"நான் வேற ஆளும்மா" என்றான். "எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?"

"மூணு வரைக்கும். அதுக்கப்புறம் ரெண்டு வாரம் கழிச்சுத்தான்."

வீட்டுக்கு ஓடினான் என்றே சொல்ல வேண்டும். டோரீன் அதே நாற்காலியில், அதே குனிவில் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா கணக்குல நீ பணம் போடுறியா?"

"ஆமா" என்றாள், உப்பு போட்டியா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. "என் கூலிலேருந்து. வந்து நிக்கிற மனுஷனுக்குக் கையில நாலு காசு வேணாமா? உன்கிட்ட கேட்டு நிப்பாரா? நீயே போண்டியாகி நிக்கிறே."

ஷெரிலுக்குச் சுருக்கென்றது. "இங்க கரண்டு மீட்டருக்குப் போட காசில்லாம நான் பல்லைக் கடிச்சிட்டுக் கிடக்கேன். நீங்க அங்க... சரிம்மா. உங்க கூலி, உங்க இஷ்டம்."

"அந்தக் கணக்கு இருக்கிற வரைக்கும் எனக்குக் கணக்கு கிடையாதாம்" என்றான் மகன். "எனக்குக் கணக்கு இல்லேன்னா வேலை கிடையாது. வேலை இல்லேன்னா இந்த வீட்டு வாடகை கிடையாது. அப்பா இனி வர மாட்டார்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்த பேப்பர் ஒண்ணு இருக்குல்ல? டீ டப்பாக்குள்ள வெச்சிருக்கியே. அதைக் கொண்டுவந்து காட்டணும்."

டோரீனின் முகம் மூடிக்கொண்டது. "அதை நான் பிரிச்சதே இல்ல."

"பிரிக்க வேணாம். குடுத்தாப் போதும்."

"குடுத்தா? நானே என் கையால அவர் மேல மண்ணை அள்ளிப் போடணுமா? மணலே இன்னும் சொல்லல, நான் சொல்லணுமா? நல்லாருக்குடா நியாயம்!"

அப்போதுதான் அவள் தலை நிமிர்ந்தது. மூடுபனி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி நின்றது. மற்ற இருவரும் மூச்சைப் பிடித்துக் கேட்டார்கள். கேட்டதெல்லாம் ஹீட்டரின் டிக் டிக் மட்டும்தான்.

"ரெண்டு" என்றாள் டோரீன்.

"என்னம்மா ரெண்டு?"

"வண்டி. போன குளிர்காலத்துலேருந்து ரெண்டாத்தான் கேக்குது. முன்னால அவர். பின்னாலயே ஒண்ணு வருது. மூணாவது கியர்ல ஒரு தட்டுத் தட்டும்."

ஷெரில் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். புது டிராக்டர் மூன்றாவது கியரில் தட்டும். அதைச் சரிபார்க்க வேண்டும் என்று சின்ன வில்ஃப் சொல்லிக்கொண்டே இருந்தான், அதற்குள்தான் வண்டி போய்விட்டது.

"அது அங்க கிடக்குதுன்னா, எவனோ ஒரு பாவி அங்க கிளையை நட்டான். அதனாலதான் கிடக்குது" என்றான் மகன். "கிளையைப் பாத்துத்தான்மா திரும்பினேன். பச்சையா இருந்துச்சு. எவன் நட்டான்னு மட்டும் தெரிஞ்சா..."

டோரீனின் கை நின்றுவிட்டது. பாதி உரித்த இறால் விரலிடுக்கில் இருந்தது. அந்த மேசையில் அவள் கை அப்படி நின்று அவர்கள் பார்த்ததே இல்லை.

ஷெரில் முதலில் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கதவோரத்து பூட்ஸைப் பார்த்தாள். அடியில் காய்ந்த சாம்பல் மணல். பின்கட்டில் நிற்கும் லாரல் செடி. அதில் எப்போதும் ஒரு கொம்பு வெட்டுப்பட்டே இருக்கும்.

"அம்மா" என்றாள் மெதுவாக. "நீங்களா?"

"வழி தெரிய வேணாமா அவருக்கு?" டோரீன் மகனைப் பார்க்கவில்லை, கிண்ணத்தோடு பேசினாள். "வருஷா வருஷம் வெப்பேன். அவர் போன இடத்துல. அவர் பூட்ஸைப் போட்டுக்கிட்டு, வத்துன நேரம் பாத்து, யாருக்கும் தெரியாம. அடுத்த தண்ணி அடிச்சுட்டுப் போயிடும், யார் கண்ணுலயும் பட்டதில்ல. அந்தத் தடவைதான் பனி இறங்கிடுச்சு. நீ அந்தப் பக்கமா வருவேன்னு நான் கண்டேனா? மறுநாளும் அது அப்படியே நின்னுச்சு, போய்ப் பிடுங்கிட்டு வந்துட்டேன். வில்ஃப்... உன்னை வரச் சொல்லி நான் வெக்கலடா."

மகன் எழுந்து ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குக் கோபம் வந்தது. எழுபது வயதுக்காரி தனியாக, பெரிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு கிளையோடு அந்த வெறும் மணலில் நடந்து போவது கண்முன் வந்தது. கோபம் நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

"நான் இன்னும் ஒரு முழம் தள்ளிப் போயிருந்தா கிளெம் கயிறு எட்டியிருக்காதும்மா" என்றான், திரும்பாமலே. "அப்புறம் யாருக்குக் கிளை நடுவே? ரெண்டு பேருக்குமா?"

டோரீன் அந்த இறாலை உரித்து முடித்தாள். கிண்ணத்தில் போட்டாள். கையைக் கழுவி, கோட்டை மாட்டிக்கொண்டு, அலமாரி மேலிருந்த டீ டப்பாவை எடுத்தாள்.

"மூணு மணிக்குப் போயிடும்னியே. கெளம்பு" என்றாள்.

வேனுக்குள் மூவரும் நிற்க இடம் போதவில்லை. ஷெரில் படியிலேயே நின்றாள். டோரீன் பழசாகி மஞ்சளாகிப்போன உறையை கவுண்டரில் வைத்தாள். ஒட்டிய ஒட்டு அப்படியே இருந்தது. ஃபர்சானா கத்தரியால் ஓரத்தை வெட்டி, தாளை விரித்துப் படித்தாள். ஒருதடவை படித்துவிட்டு மறுபடியும் தேதியைப் பார்த்தாள்.

"முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சேம்மா" என்றாள். திட்டுகிற குரலில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். "இவ்வளவு நாள் ஏம்மா எங்களுக்குச் சொல்லல?"

டோரீன் கைப்பையின் பிடியைப் பிசைந்தாள்.

"எனக்கே இன்னிக்குத்தான் தெரியும், கண்ணு" என்றாள்.

ஃபர்சானா தலையைக் குனிந்துகொண்டாள். எதையெதையோ தட்டினாள். கணக்கில் இருக்கிற பணம் கொஞ்ச நாளில் டோரீன் கைக்கு வந்துவிடும் என்றாள். பிறகு சின்ன வில்ஃபின் பெயரைத் தட்டினாள். இந்தத் தடவை மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துக் கேட்டபோது அவன் W-வின் கடைசிக் காலைக் குட்டையாக நிறுத்திக்கொண்டான். நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். வாசலில் நின்றே டிரெவருக்குப் போன் போட்டு அதை ஒப்பித்தான். திங்கட்கிழமை வரச் சொன்னார். மழைக்கு நல்ல பூட்ஸாகப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்.

"கதவுகிட்ட இருக்கிறதைப் போட்டுக்க" என்றாள் டோரீன், வழியில். "ரெண்டு சாக்ஸ் போட்டா சரியாப் போயிடும்."

அவ்வளவுதான் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் மூவரும் பழையபடி உட்கார்ந்தார்கள். மிச்ச இறாலைக் கிளெம் சாயங்காலம் வந்து எடுத்துப்போவான். ஷெரிலுக்குப் பல மாதங்களுக்குப் பிறகு மனசு லேசாகியிருந்தது. முதல் சம்பளத்தில் என்ன வாங்குவது என்று பேசிக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு பெரிய மீன் வறுவல் பொட்டலம் என்றாள், வினிகர் சொட்டச் சொட்ட, இறால் வாடை இல்லாமல். டோரீன்கூடச் சிரித்தாள். வெளியே மூடுபனி கொட்டகை வரைக்கும் வந்துவிட்டது.

சின்ன வில்ஃப் தலை நிமிர்ந்தான்.

ரொம்பத் தூரத்தில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். முதலில் ஒன்று, கனத்த பழைய எஞ்சின், ஒன்பது வயதில் படுக்கையில் கிடந்தபடியே கேட்ட சத்தம். அதற்குப் பின்னால் இன்னொன்று. மூன்றாவது கியருக்கு மாறும்போது ஒரு தட்டு.

அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் குனிந்து உரித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு அசைவு இல்லை. அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் மூடுபனி நாளில் அவள் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை.

சத்தம் வாய்க்காலைத் தாண்டியது. கரைக்கு ஏறுகிற சரிவுக்கு வந்துவிட்டது.

"என்ன, என்ன பாக்குறீங்க?" என்றாள் ஷெரில்.

"ஒண்ணுமில்ல" என்றான். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், யாரும் சொல்லாமலே, கெட்டிலை அடுப்பில் ஏற்றினான்.